டீச்சரிடம் கேளுங்கள்: பீரோவுக்குள் இருக்கும் இங்கிலீஷ்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடு, மனை, பத்திரம், ஆபீஸ் பதவி இவற்றைச் சுற்றித்தான் இருந்தன. அதனால் இலக்கணக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றை எடுத்துக்கொண்டேன். முதல் பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு உங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: டீச்சர், நான் பி.காம். படித்தவன். வீடு, மனை விற்கிற ஒரு ஆபீசில் நான்கு வருடமாக வேலை. போன மாதம் என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். வாங்க வருகிறவர்களில் பலர் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள்தான், ஆனால் கூட வருகிற மருமகனோ நண்பரோ இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். கம்பெனி மீட்டிங்கும் இங்கிலீஷ். தினமும் இருபது வார்த்தை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன், மூன்றாம் நாள் ஒன்றும் நிற்பதில்லை. என்ன செய்ய?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. ஒரு சொல்லை அதன் வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்து, எதிரே ஒரு தமிழ் அர்த்தத்தை எழுதி வைத்தால் அது யாருக்கும் நிற்காது, எனக்கும் நிற்காது.

என் அப்பா பத்திர எழுத்தர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தமிழ் உடனே புரியும்? அவர் அதை அகராதியில் படிக்கவில்லை. ஒவ்வொரு கிரயத்திலும் அதே இடத்தில் அதே வரி வந்தது, எழுதி எழுதிப் பழகினார், வாங்குகிறவர் பிள்ளை பேரன் காலம் வரைக்கும் தானமாகவும் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்று அதற்கு அர்த்தம் என்பதும் அந்த வேலையிலேயே அவருக்குப் பிடிபட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன்னால் எழுதிய பல பிரமாணங்கள், அதாவது பத்திரங்கள், மலையாளத்தில், கேரளத்துக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஒருவர் கொல்லம் 1110 என்று போட்ட பத்திரத்தோடு வந்தால், அது 1934 அல்லது 35 என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அப்பா படிக்கவே தொடங்குவார். மலையாள எழுத்தையும் அவர் கற்றது அந்தக் காகிதங்களில்தான். இங்கிலீஷையும் அப்படியே கற்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உங்கள் ஆபீசில் வில்லங்கச் சான்று கட்டுக்கட்டாக இருக்குமே, ஒன்றை எடுத்துத் தலைப்புகளைப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் என்பதற்குப் பக்கத்தில் எக்ஸிகியூட்டன்ட், எழுதி வாங்கியவர் என்றால் கிளெய்மன்ட், கைமாற்றுத் தொகை என்றால் கன்சிடரேஷன் வேல்யூ, விஸ்தீர்ணம் என்றால் எக்ஸ்டென்ட். இரண்டு மொழியிலும் அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கிற அகராதி அது. நீங்கள் தினமும் அதைப் புரட்டிவிட்டு, அதில் இல்லாத இருபது வார்த்தையை வேறெங்கோ போய்த் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு வசதி உங்களுக்கு இருக்கிறது. பத்திரத்தில் வருகிற சொற்களில் பல, ஆபீஸ் மீட்டிங்கிலும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். எக்ஸிகியூட் என்பதையே எடுங்கள். கிரயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எக்ஸிகியூட் செய்வது. உயிலை நிறைவேற்றுகிறவர் எக்ஸிகியூட்டர். கம்பெனியில் முடிவைச் செயல்படுத்துகிற அதிகாரி எக்ஸிகியூட்டிவ். "திட்டம் நல்ல திட்டம், எக்ஸிகியூஷன் சரியில்லை" என்று உங்கள் மேலாளர் சொல்வாரே, அதுவும் இதுதான். பேப்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது என்ற செய்தியிலும் இதே சொல் வரும். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே ஒரு கருத்து, ஒன்றைக் கடைசிவரை கொண்டுபோய் முடிப்பது. அது மனதில் விழுந்துவிட்டால் இந்த ஐந்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கன்சிடரேஷன் கொஞ்சம் ஏமாற்றும். மீட்டிங்கில் "அண்டர் கன்சிடரேஷன்" என்றால் பரிசீலனையில் இருக்கிறது. பத்திரத்தில் கன்சிடரேஷன் என்றால் பணம், கிரயத்தொகை. மஸ்கட்டிலிருந்து ஒருவர் "வாட் இஸ் தி டோட்டல் கன்சிடரேஷன்?" என்று கேட்டால் அவர் விலையைக் கேட்கிறார், பரிசீலிக்கச் சொல்லவில்லை. டைட்டிலும் அப்படித்தான். உங்கள் விசிட்டிங் கார்டில் டீம் லீடர் என்று இருப்பது உங்கள் டைட்டில், நிலத்தின் டைட்டில் என்றால் அதன் மீதுள்ள உரிமை, "கிளியர் டைட்டில்" என்றால் வில்லங்கமில்லாத உரிமை. இன்ட்ரஸ்ட் என்பது ஆர்வம், வட்டி, சொத்தில் ஒருவருக்குள்ள பாத்தியதை என்று மூன்று பக்கம் பிரியும். லீடராக உங்களுக்கு நான்காவது ஒன்றும் வேண்டும். "கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்". உங்கள் டீமில் ஒருவர் தன் சொந்த மச்சினனின் மனையை, சொந்தம் என்று சொல்லாமலே ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டினால் அதுதான் இது. இந்தச் சொல்லை நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதாது, டீமில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

லீடர் ஆனபிறகு அதிகம் தேவைப்படுவது அசைன், டெலிகேட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். "மூன்று மணிக்குச் சைட்டுக்குப் போ" என்றால் வேலையை அசைன் செய்கிறீர்கள். "இந்த வாடிக்கையாளரை நீயே பார்த்துக்கொள், விலையில் ஐம்பதாயிரம் வரை குறைக்க உனக்கு அனுமதி உண்டு" என்றால் டெலிகேட் செய்கிறீர்கள், ஏனென்றால் வேலையோடு அதிகாரமும் கைமாறுகிறது. இங்கிலீஷ் பத்திரங்களில் "ஹெயர்ஸ் அண்ட் அசைன்ஸ்" என்று வரும், வாரிசுகளும், உரிமையை மாற்றி வாங்கியவர்களும் என்று அர்த்தம். பாருங்கள், அசைன் இங்கேயும் வந்துவிட்டது.

லீட் பற்றி ஒரு வரி. வாங்கலாம் என்று விசாரித்த ஆளும் லீட், டீமை நடத்துவதும் லீட். நடத்தினேன் என்று இறந்தகாலத்தில் எழுதும்போது எல், ஈ, டி மூன்றெழுத்துதான். நடுவில் ஏ போட்டு அனுப்புகிற மெயில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பிளாட். தமிழில் மனைக்கும் பிளாட், அடுக்குமாடி வீட்டுக்கும் பிளாட் என்றே எழுதிவிடுகிறோம். இங்கிலீஷில் அவை இரண்டு வேறு சொற்கள். மனை என்றால் உதட்டை மூடித் திறந்து "ப்ளாட்". அடுக்குமாடி வீடு என்றால் மேல்பல் கீழுதட்டில் பட "ஃப்ளாட்", உயிரும் "ஆப்பிள்" என்று சொல்லும்போது வருகிற மாதிரி விரிந்து வரும். போனில் இது மாறிப்போனால் அந்தப் பக்கம் இருப்பவர் வேறு சொத்தை நினைத்துக்கொண்டு பேசுவார்.

அக்ரிமென்ட் ஃபார் சேல், சேல் டீட் இரண்டையும் எப்போதும் ஒன்றாக்காதீர்கள். முதலாவது விற்கிறேன் என்ற ஒப்பந்தம், இரண்டாவதுதான் கிரயம். முதலாவதில் சொத்து கைமாறாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னாலே உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

வாரத்துக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றையும் அன்றைக்கு நடந்த உண்மையான வேலையை வைத்து மூன்று வாக்கியமாக எழுதுங்கள், ஒன்று பத்திரத்துக்கு, ஒன்று டீமுக்கு, ஒன்று வாடிக்கையாளருக்கு. பைக்கில் வீட்டுக்குப் போகும்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அடமானத்தை மார்ட்கேஜ் என்றதும் எதிரில் இருந்தவர் "மார்கேஜ்" என்று திருத்தினார். இப்படி வேறு எவையெல்லாம் இருக்கின்றன?
— வாசகர், கொட்டாரம்

பதில்: அவர் சொன்னது சரி, நடுவில் உள்ள டி ஒலிக்காது. பழைய பிரெஞ்சில் "மோர்" என்றால் செத்துப்போன, "காஜ்" என்றால் பிணை, அந்த மோரின் வாலில் ஒட்டியிருந்த டி எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. கடன் என்பது "டெட்", பி ஒலிக்காது. ரசீது "ரிசீட்", பி ஒலிக்காது. சொத்தின் மேல் வங்கிக்கு உள்ள பற்றுரிமை "லீன்", அதை "லியன்" என்றாலும் தப்பில்லை. லீஸ் என்பதன் கடைசியில் "ஸ்" மட்டும், "ஷ்" ஆனால் அது நாய்க்குக் கட்டுகிற வார்.

கேள்வி: நான் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். வங்கி அதிகாரி என்னை "அனிமேட்டர்" என்கிறார். கல்லூரியில் படிக்கிற என் மகன், அது கார்ட்டூன் வரைகிறவர் என்கிறான். எனக்கு வருத்தமாக இருந்தது. லீடர், பாஸ், மேனேஜர் இதில் நான் எது? மீட்டிங்கில் பேச வேண்டிய சொற்களையும் சொல்லுங்கள்.
— வாசகி, தக்கலை

பதில்: தங்கச்சி, வருத்தப்பட ஒன்றுமில்லை. அனிமேட்டர் நல்ல சொல். "அனிமா" என்றால் லத்தீனில் உயிர், மூச்சு. அசையாத படத்துக்கு உயிர் கொடுப்பவரும் அனிமேட்டர், பேசத் தயங்கி உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு பெண்களைப் பேச வைத்துக் கணக்குப் பார்க்க வைத்து வங்கிவரை கூட்டிக்கொண்டு போகிறவரும் அனிமேட்டர். நீங்கள் செய்கிற வேலைக்கு லீடரைவிட இதுவே நெருக்கமான பெயர் என்பேன். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

பாஸ் டச்சு மொழியிலிருந்து வந்தது, எஜமான் என்று பொருள். உங்கள் குழுவில் யாரும் யாருக்கும் எஜமான் இல்லை, அதனால் அது வேண்டாம். மேனேஜ் என்பதற்கு மூலம் இத்தாலிய மொழியில் குதிரையைப் பழக்குவது, அந்தச் சொல்லுக்குள் கை இருக்கிறது. நாம் "கையாளுதல்" என்கிறோமே, தமிழிலும் அதே கை. பணத்தையும் நோட்டையும் கையாளும் நேரத்தில் நீங்கள் மேனேஜர். எந்தத் தொழிலுக்குக் கடன் கேட்பது என்று வழி காட்டும் நேரத்தில் லீடர். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம்.

மீட்டிங் சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த காரியங்கள்தான், பெயர்தான் புதிது. தீர்மான நோட்டில் எழுதுவது "ரெசொல்யூஷன்", இங்கிலீஷில் "ரிசால்வ்ட் தட்" என்று தொடங்குவார்கள். கூட்டத்தில் நடந்ததை எழுதி வைப்பது "மினிட்ஸ்", நிமிடத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பேச வேண்டியவற்றின் வரிசை "அஜெண்டா". கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்பது "குவோரம்", அதைக் "கோரம்" என்று சுருக்க வேண்டாம்.

ரெஸ்பான்சிபிள், அக்கவுன்டபிள் இரண்டும் தமிழில் பொறுப்பு என்றே வந்துவிடுகின்றன. ஆனால் அக்கவுன்டபிளுக்குள் அக்கவுன்ட் இருக்கிறது, கணக்கு. வேலையைச் செய்ய வேண்டியவர் ரெஸ்பான்சிபிள், கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டியவர் அக்கவுன்டபிள். பாஸ்புக்கை வங்கிக்கு எடுத்துப்போவது ஒரு உறுப்பினரின் ரெஸ்பான்சிபிலிட்டி, பணம் குறைந்தால் குழு முன்னால் எழுந்து நிற்க வேண்டிய நீங்கள் அக்கவுன்டபிள். இது புரிந்தவர்தான் நல்ல தலைவர், இங்கிலீஷ் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

கேள்வி: சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் விளையை வாங்க வந்தார். நாங்கள் சென்ட் என்கிறோம், அவர் கிரவுண்ட் என்கிறார், பட்டாவில் ஏர் என்று இருக்கிறது. அவரோடு வந்த வெள்ளைக்காரர் சென்ட் என்றால் காசா என்று கேட்டார். எப்படிச் சொல்வது? கார்பெட் ஏரியா என்பதையும் விளக்குங்கள்.
— வாசகர், குலசேகரம்

பதில்: அவர் கேட்டதில் தப்பில்லை, டாலரில் நூற்றில் ஒன்று சென்ட், ஏக்கரில் நூற்றில் ஒன்றும் சென்ட். ஆனால் நிலத்தைச் சென்டில் அளப்பது நம் பக்கத்து வழக்கம், வெளிநாட்டில் சொன்னால் புரியாது. அவர்களிடம் ஏக்கர், சதுர அடி அல்லது சதுர மீட்டரில் சொல்லுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, சதுர மீட்டரில் சுமார் 40.5. சென்னைக்காரரின் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, நமக்குச் சுமார் ஐந்தரை சென்ட். ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். பட்டாவில் 0-04.05 என்று இருந்தால் பூஜ்யம் ஹெக்டேர், 4.05 ஏர், அதாவது பத்து சென்ட். விலையையும் மாற்றிச் சொல்லப் பழகுங்கள், பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன்.

விளை என்பதை "கார்டன் லேண்ட்" என்று சொன்னால் போதும், ரப்பர் போட்டிருந்தால் "ரப்பர் பிளான்டேஷன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எஸ்டேட் என்ற சொல்லில் மட்டும் கவனம். நமக்கு எஸ்டேட் என்றால் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம்தான் கண்ணில் வரும். ஆனால் "ரியல் எஸ்டேட்" என்றால் நிலமும் அதன்மேல் இருக்கிற கட்டடமும் எல்லாம். கோணத்தில் இருக்கிற தொழிற்பேட்டையும் இங்கிலீஷில் எஸ்டேட்தான். ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்துக்கும் கடனுக்கும்கூட எஸ்டேட் என்றே பெயர்.

கார்பெட் ஏரியா என்றால் வீட்டுக்குள் கம்பளம் விரிக்கக்கூடிய இடம் என்று வைத்துக்கொள்ளலாம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு வரையறை கொடுத்திருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி சேராது, உள்ளே அறைகளைப் பிரிக்கிற சுவர் சேரும். பில்ட்-அப் ஏரியா என்றால் சுவர் கனமும் பால்கனியும் சேரும். சூப்பர் பில்ட்-அப் என்றால் மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் உங்கள் பங்கையும் சேர்த்துவிடுவார்கள், அதனால் 1,200 சதுர அடி என்று விளம்பரத்தில் படித்த வீடு உள்ளே போனால் சிறியதாகத் தெரியும். அடுக்குமாடியில் யாராவது சதுர அடி சொன்னால் "எந்த ஏரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். அதே சட்டத்தில் கட்டி விற்கிறவருக்குப் "புரமோட்டர்" என்று பெயர். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

கேள்வி: என் மகன் பெங்களூருவில் எட்டு லட்சம் கொடுத்து வீடு லீஸுக்கு எடுத்திருக்கிறான். ஆபீசில் வெளிநாட்டு மேலாளரிடம் இதைச் சொன்னபோது, "மாதம் எட்டு லட்சமா?" என்று அவர் திகைத்துவிட்டாராம். லீஸ் என்றால் அது இல்லையா?
— வாசகி, வடசேரி

பதில்: அக்கா, உங்கள் மகன் சொன்னது நம் ஊருக்குச் சரி, அவருக்குப் புரியாது. மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவதை நாம் ஒற்றி என்போம், இப்போது எல்லோரும் லீஸ் என்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது சுவாதீன அடமானத்துக்குத்தான், அதாவது கடன் கொடுத்தவர் கையில் சொத்தை அனுபவிக்க விடுகிற அடமானத்துக்குத்தான், கிட்ட வருகிறது. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தில் லீஸ் என்றால், ஒரு விலைக்கோ, காலாகாலத்தில் கொடுக்கிற பணத்துக்கோ, விளைச்சலில் ஒரு பங்குக்கோ சொத்தை அனுபவிக்கக் கொடுப்பது. அதாவது மாத வாடகையும் லீஸ், நாஞ்சில் நாட்டு வயலுக்கு நெல்லாக அளந்த பாட்டமும் லீஸ். மகனிடம் "ரீஃபண்டபிள் லம்ப்சம் டெபாசிட், நோ மன்த்லி ரென்ட்" என்று சொல்லச் சொல்லுங்கள், உலகத்தில் எவருக்கும் புரியும்.

இதோடு ஒன்றையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். கொடுப்பவர் லெசர், எடுப்பவர் லெசீ. எம்ப்ளாயர், எம்ப்ளாயீ மாதிரி, "ஈ" என்று முடிந்தால் வாங்கும் பக்கம். மார்கேஜில் மட்டும் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அங்கே கொடுப்பது பணத்தை அல்ல, சொத்தை. அதனால் கடன் வாங்கியவர்தான் மார்கேஜர், வங்கி மார்கேஜீ.

ஒப்பந்தத்தின் இங்கிலீஷில் "ஷல்" என்று வந்தால் கட்டாயம், "மே" என்று வந்தால் விருப்பம். என் மகளுக்கு வெளியூரில் வீடு எடுத்தபோது நான் இங்கிலீஷ் டீச்சர் என்ற தைரியத்தில் நான்கு பக்கத்தையும் வேகமாகப் படித்துக் கையெழுத்துப் போட வைத்தேன். "லாக்-இன் பீரியட்" என்று ஒரு வரி இருந்தது. அதை நோட்டீஸ் பீரியட் என்றே எடுத்துக்கொண்டேன். நோட்டீஸ் பீரியட் என்றால் காலி செய்வதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது. லாக்-இன் என்றால் அந்தக் காலம் முடியும்வரை காலி செய்யவே கூடாது, செய்தால் மீதி மாதங்களுக்கும் பணம். வேலை மாறி ஏழாம் மாதமே மகள் கிளம்பியபோது முன்பணத்தில் பெரும்பகுதியை உரிமையாளர் பிடித்துக்கொண்டார். அந்த வரி அங்கேதான் இருந்தது, அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்த எனக்கே அது தப்பிப் போயிற்று என்பது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

உங்கள் மகனின் ஒப்பந்தத்திலும் ஷல், பீரியட், ரீஃபண்ட் என்று வருகிற வரிகளை எல்லாம் பென்சிலால் கோடு போட்டு, போனில் உங்களுக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எந்த வரியில் திணறுகிறானோ அதை எனக்கு அனுப்புங்கள், எட்டு லட்சம் எந்த நாளில், எந்தக் கழிவோடு திரும்பி வரும் என்ற வரியாக இருந்தால் அடுத்த இதழ்வரை காக்க வேண்டாம், உடனே அனுப்புங்கள்.